அவுட்டரில் ரயிலை ஏன் நிறுத்துகிறார்கள்? பதில் சொல்லும் ஒரு கேம்!

சென்னை சென்ட்ரலுக்கு ரயிலில் வந்து இறங்கியவர்கள் எல்லோருக்கும் இந்த அனுபவம் இருக்கும். பெட்டி, பை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கதவருகே வரிசையாக நின்றாகிவிட்டது. வீட்டுக்கு போன் செய்து, "இதோ வந்துட்டோம், பத்தே நிமிஷம்" என்று சொல்லியும் ஆகிவிட்டது. பேசின் பிரிட்ஜ் பக்கத்தில் ரயில் மெதுவாகி, நின்றுவிடும். ஐந்து நிமிடம் ஆகும். பதினைந்து நிமிடமும் ஆகும். "அவுட்டர்ல போட்டுட்டான்பா" என்று யாராவது சலித்துக்கொள்வார்கள். ஸ்டேஷன் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் முன்னால் தண்டவாளமும் காலியாகத்தான் தெரிகிறது. பிறகு ஏன் நிறுத்துகிறார்கள்?

இந்தக் கேள்விக்கு ஸ்டேஷன் மாஸ்டரைத் தேடிப் போக வேண்டியதில்லை. கம்ப்யூட்டரில் விளையாடும் ஒரு பழைய ரயில் கேம் போதும். அதன் பெயர் 'ஓப்பன் டிடிடி'.

30 ஆண்டுகளாக ஓடும் ரயில்

1994-ம் ஆண்டு 'டிரான்ஸ்போர்ட் டைக்கூன்' என்ற கேம் வெளியானது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த கிறிஸ் சாயர் உருவாக்கியது. மைக்ரோப்ரோஸ் நிறுவனம் வெளியிட்டது. அடுத்த ஆண்டே 'டீலக்ஸ்' என்ற பெயரில் மேம்பட்ட பதிப்பு வந்தது. 2004-ல் லுட்விக் ஸ்ட்ரீகியஸ் என்ற ஸ்வீடன் புரோகிராமர், இந்த டீலக்ஸ் பதிப்பு உள்ளே எப்படி இயங்குகிறது என்று பிரித்துப் பார்த்து, புதிதாக எழுதத் தொடங்கினார். டவுன்லோடு பிரியர்களுக்குப் பழக்கமான 'மியூடொரன்ட்' மென்பொருளை எழுதியவரும் இவர்தான். அப்படிப் பிறந்த 'ஓப்பன் டிடிடி'யை இன்றுவரை உலகம் முழுவதும் இருக்கும் தன்னார்வலர்கள் வளர்த்து வருகிறார்கள். காசு கிடையாது. மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. ஆண்ட்ராய்டு மொபைலில் விளையாடும் வடிவமும் உண்டு. மொழிகளின் பட்டியலில் தமிழும் இருக்கிறது.

விளையாடுபவர் ஒரு போக்குவரத்து நிறுவனத்தின் முதலாளி. சுரங்கத்திலிருந்து நிலக்கரியை மின் நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் பயணிகளை ஏற்றிச் செல்ல வேண்டும். பஸ், லாரி, கப்பல், விமானம் எல்லாமே உண்டு. ஆனால் வருடக்கணக்கில் இந்த கேமை விடாமல் விளையாடுபவர்கள் அதில் தங்கிப்போவது ரயிலுக்காகத்தான். அந்த ரயிலில் புதியவர்கள் முதலில் முட்டிக்கொண்டு நிற்கும் இடம், சிக்னல்.

இரண்டாவது ரயில் ஏன் வெளியே வரவில்லை?

முதல் ரயில் பிரமாதமாக ஓடும். இரண்டு ஸ்டேஷன், நடுவே ஒரு தண்டவாளம், ஓரமாக ஒரு டிப்போ. நிலக்கரி போகிறது, பணம் வருகிறது. ஆசை வந்து இரண்டாவது ரயிலையும் வாங்குவோம். ஸ்டார்ட் கொடுத்தால், அது டிப்போவை விட்டு வெளியே வராது. ரிப்பேர் ஒன்றும் இல்லை, டீசல் தீரவும் இல்லை. முதல் ரயில் தண்டவாளத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த கேமின் அடிப்படை விதி இதுதான். ஒரு சிக்னலில் தொடங்கி அடுத்த சிக்னல் வரைக்கும் உள்ள தண்டவாளத் துண்டுக்கு 'பிளாக்' என்று பெயர். ஒரு பிளாக்கில் ஒரே ஒரு ரயில்தான் இருக்கலாம். உள்ளே ஒரு ரயில் இருந்தால், அந்த பிளாக்கின் வாசலில் இருக்கும் சிக்னல் சிவப்பு. உள்ளே யாரும் இல்லையென்றால் பச்சை. நாம் சிக்னலே வைக்காததால் மொத்தப் பாதையும் ஒரே பிளாக் ஆகிவிட்டது. அதனால் டிப்போ தன் வாசலிலேயே இரண்டாவது ரயிலைப் பிடித்து வைத்திருக்கிறது.

பாதையின் நீளம் 40 கட்டம் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் சிக்னல் இல்லாவிட்டால் 40 கட்டத்துக்கும் சேர்த்து ஒரு ரயில். ஒரு திசையில் மட்டும் போகும் பாதையாக அதை மாற்றி, பத்து கட்டத்துக்கு ஒரு சிக்னல் வைத்தால் நான்கு பிளாக் கிடைக்கும். ஒரு ரயில் முன்னால் போக, இன்னொன்று பின்னாலேயே வரலாம். ரயில் ஐந்து கட்ட நீளம் என்றால், ஐந்து கட்டத்துக்கு ஒரு சிக்னல் வைத்து இன்னும் நெருக்கமாக ஓட்டலாம். அதே தண்டவாளம்தான். ஒரு மீட்டர்கூட நீட்டவில்லை. ஆனால் அதில் ஓடும் ரயில்களின் எண்ணிக்கை கூடிவிட்டது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. கேமில் பாலத்தின் மேலேயோ, சுரங்கப் பாதைக்கு உள்ளேயோ சிக்னல் வைக்க முடியாது. பாலம் 20 கட்ட நீளம் என்றால் அந்த 20 கட்டமும் ஒரே பிளாக். மற்ற இடங்களில் எவ்வளவு நெருக்கமாக சிக்னல் வைத்திருந்தாலும் பாலத்துக்கு முன்னால் ரயில்கள் வரிசை கட்டி நிற்கும். நான்கு வழிச் சாலையில் பறந்து வந்தாலும், டோல்கேட்டில் ஒரே ஒரு கவுன்ட்டர்தான் திறந்திருக்கிறது என்றால் எல்லா வண்டியும் அங்கே நின்றுதானே ஆக வேண்டும்? அதனால் அனுபவசாலிகள் பக்கத்திலேயே இன்னொரு பாலம் கட்டி, ரயில்களை இரண்டிலும் பிரித்து விடுகிறார்கள். கவுன்ட்டரை இரண்டாக்குவது போல.

நேரமா, தூரமா?

பிளாக் என்பது கேமுக்காக யாரோ யோசித்துக் கண்டுபிடித்த விதி அல்ல. பல உயிர்களைக் கொடுத்த பிறகுதான் ரயில்வே அதைக் கட்டாயமாக்கியது.

ரயில் வந்த புதிதில், இரண்டு ரயில்களுக்கு நடுவே இத்தனை நிமிடம் இடைவெளி விட வேண்டும் என்ற கணக்குதான் இருந்தது. ஒரு ரயில் கிளம்பிப் போய் இத்தனை நிமிடம் ஆகிவிட்டதா? அடுத்ததை அனுப்பு. பார்ப்பதற்கு இதுவும் சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. முன்னால் போன ரயில் நினைத்தபடியே ஓடிக்கொண்டிருக்கும் என்று நம்பி பின்னால் ரயிலை அனுப்புகிறார்கள். அது நடுவழியில் நின்றுவிட்டால்?

1889-ம் ஆண்டு ஜூன் 12 அன்று அதுதான் நடந்தது. இன்றைய வட அயர்லாந்தில் உள்ள ஆர்மா என்ற ஊரிலிருந்து ஒரு சுற்றுலா ரயில் கடற்கரைக்குக் கிளம்பியது. ஞாயிறு வகுப்புக் குழந்தைகளும் அவர்கள் குடும்பத்தாரும் பெட்டி பெட்டியாக நிறைந்திருந்தார்கள். செங்குத்தான ஏற்றத்தில் இன்ஜினால் இழுக்க முடியவில்லை. ரயில் நின்றுவிட்டது. பின்பகுதிப் பெட்டிகளைக் கழற்றிவிட்டு, முன்பகுதியை மட்டும் முதலில் மேலே கொண்டுபோகலாம் என்று முடிவு செய்தார்கள். கழற்றிய பெட்டிகள் உருளாமல் இருக்கச் சக்கரங்களுக்குக் கீழே கற்களை வைத்தார்கள். இன்ஜின் புறப்படும்போது முன்பகுதி லேசாகப் பின்னுக்கு வந்து தட்டியது. கற்கள் நொறுங்கின. கழற்றிவிடப்பட்ட பெட்டிகள் சரிவில் பின்னோக்கி ஓடத் தொடங்கின.

பின்னால் அதே பாதையில் இன்னொரு ரயில் வந்துகொண்டிருந்தது. விதிப்படி 20 நிமிட இடைவெளி விட்டுத்தான் அது ஆர்மாவிலிருந்து கிளம்பியிருந்தது. மோதலில் சுமார் 80 பேர் இறந்தார்கள். அதில் பலர் குழந்தைகள்.

யாரும் கடிகாரத்தைத் தவறாகப் பார்க்கவில்லை. கடிகாரத்தை நம்பியதுதான் தவறு. அந்த ஆண்டே பிரிட்டன் நாடாளுமன்றம் புதிய சட்டம் கொண்டுவந்தது. பயணிகள் ரயில் ஓடும் பாதைகளில் பிளாக் முறை கட்டாயமாக்கப்பட்டது. 'இத்தனை நிமிடம் ஆகிவிட்டதா' என்று கேட்காதே. 'முன்னால் உள்ள துண்டு காலியாகிவிட்டதா' என்று கேள். இந்த ஒரு மாற்றம்தான் இன்றைய சிக்னலின் அடிப்படை. டிப்போவை விட்டு வெளியே வர மறுக்கும் அந்த இரண்டாவது ரயில் கேட்பதும் இதே கேள்வியைத்தான்.

எதிரும் புதிருமாக இரண்டு ரயில்

கேமில் அடுத்து வருவது ஒற்றைத் தண்டவாளச் சிக்கல். போகவும் வரவும் ஒரே பாதை. நடுவில் எதிர் ரயிலுக்கு ஒதுங்கி நிற்க ஒரு லூப் லைன் போட்டிருக்கிறோம். பிளாக் என்றால் என்னவென்று புரிந்த உற்சாகத்தில், புதியவர்கள் ஒற்றைத் தண்டவாளத்தின் நடுவிலும் இரண்டு பக்கமும் பார்க்கும் ஒரு சிக்னலை நட்டுவிடுவார்கள். ஒரு பிளாக் இரண்டாகிவிட்டது, இரண்டு ரயில் ஓடலாம் என்று கணக்கு.

நடப்பது வேறு. இந்தப் பக்கத்து ரயில் தன் பிளாக் காலி என்று நுழைகிறது. அந்தப் பக்கத்து ரயிலும் தன் பிளாக் காலி என்று நுழைகிறது. நடுவில் உள்ள சிக்னலில் இரண்டும் முகத்துக்கு முகம் பார்த்தபடி நிற்கின்றன. மோதல் இல்லை. ஆனால் இதற்கு அது வழிவிட வேண்டும், அதற்கு இது வழிவிட வேண்டும். ஒன்று திரும்பிப் போனால்தான் உண்டு. விதியை யாரும் மீறவில்லை. இருந்தும் பாதை முடங்கிவிட்டது.

ஒரு லூப்பிலிருந்து அடுத்த லூப் வரைக்கும் நடுவில் சிக்னலே வைக்காமல் விடுவதுதான் சரி. அப்போது அந்தப் பாதை முழுவதும் ஒரே பிளாக். ஒரு ரயில் உள்ளே போனால், எதிர் ரயில் லூப்பிலேயே காத்திருக்கும். நம் ஊர் ஒற்றைப் பாதைகளில் பல காலம் இதைச் செய்தது ஓர் இரும்பு உருண்டை. சின்ன ஸ்டேஷன்களில் ரயில் மெதுவாகப் போகும்போது, பிரம்பு வளையம் ஒன்றை இன்ஜின் டிரைவர் கையை நீட்டிப் பிடித்துக்கொள்வதைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். வளையத்தில் கட்டியிருக்கும் பையில்தான் அந்த உருண்டை இருக்கும். அதற்கு டோக்கன் என்று பெயர். டோக்கன் கையில் இல்லாமல் அடுத்த ஸ்டேஷனை நோக்கிப் போகக் கூடாது. இரண்டு ஸ்டேஷன்களின் கருவிகளும் இணைந்திருப்பதால், ஒரு டோக்கன் வெளியே இருக்கும்போது இன்னொன்றை எடுக்க முடியாது. கேமில் ஒரு பிளாக் செய்யும் வேலையை அங்கே ஓர் உருண்டை செய்தது.

தண்டவாளத்துக்கும் ரிசர்வேஷன்

ரயில்கள் பெருகியதும் பிரச்னை ஸ்டேஷன் வாசலுக்கு வரும். நான்கு பிளாட்ஃபார்ம் இருக்கிறது. அவற்றுக்குப் பிரியும் தண்டவாளங்கள் எல்லாம் வாசலில் ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு கிடக்கின்றன. சாதாரண பிளாக் சிக்னலுக்கு அந்த மொத்தச் சிக்கலும் ஒரே பிளாக். ஒரு ரயில் முதல் பிளாட்ஃபார்முக்குள் நுழைந்துகொண்டிருந்தால், சம்பந்தமே இல்லாத நான்காம் பிளாட்ஃபார்ம் ரயில்கூடக் கிளம்ப முடியாது.

இதற்குத் தீர்வாக வந்ததுதான் 'பாத் சிக்னல்'. பஸ்ஸில் சீட் பிடிப்பதற்கும் டிக்கெட் ரிசர்வ் செய்வதற்கும் உள்ள வித்தியாசம்தான் பழைய சிக்னலுக்கும் இதற்கும். ரயில் சிக்னலுக்கு அருகில் வந்ததும், தான் போக வேண்டிய தண்டவாளத்தை மட்டும் அடுத்த சிக்னல் வரைக்கும் ரிசர்வ் செய்யும். அந்தப் பாதையில் ஒரு கட்டம்கூட வேறு ரயில் வாங்கியிருக்கவில்லை என்றால்தான் பச்சை விழும். செட்டிங்ஸில் மாற்றினால், ரிசர்வ் ஆன தண்டவாளம் கொஞ்சம் கறுத்துத் தெரியும். ஒன்றை ஒன்று வெட்டாத பாதைகள் என்றால், ஒரே சந்திப்பில் இரண்டு மூன்று ரயில்கள் ஒரே நேரத்தில் போகலாம்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. பிளாக் சிக்னல் சும்மா இருக்கும்போது பச்சையாக இருக்கும். ரயில் வந்தால் சிவப்பாகும். பாத் சிக்னல் சும்மா இருக்கும்போது சிவப்பு. ஒரு ரயில் வந்து கேட்டு, பாதை கிடைத்தால் மட்டுமே பச்சை. புதியவர்கள் எல்லா சிக்னலும் சிவப்பாக இருப்பதைப் பார்த்து, ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று பதறுவார்கள். தப்பு ஒன்றும் இல்லை. கேட்காதவருக்குக் கதவைத் திறப்பதில்லை, அவ்வளவுதான்.

எங்கே நிற்க வேண்டும் என்பதுதான் கேள்வி

பாத் சிக்னலை எங்கே வைப்பது? இதில்தான் பெரும்பாலானவர்கள் தவறு செய்கிறார்கள். சந்திப்புக்கு முன்னால் ஒன்று வைக்கிறார்கள், சரி. சந்திப்பைத் தாண்டியதும் உடனே இன்னொன்றையும் வைத்துவிடுகிறார்கள். ரயில் சந்திப்பைக் கடந்து, அந்த இரண்டாவது சிக்னலில் சிவப்பைப் பார்த்து நிற்கிறது. இன்ஜின் சந்திப்பைத் தாண்டிவிட்டது. ஆனால் ரயிலின் வால் இன்னும் சந்திப்பின் நடுவே கிடக்கிறது. குறுக்கே போக வேண்டிய ரயில் நிற்கிறது. அதன் வால் பின்னால் உள்ள இன்னொரு சந்திப்பை மறிக்கிறது. அங்கே வேறொன்று நிற்கிறது. சுற்றி வந்து பார்த்தால், கடைசி ரயில் மறித்துக்கொண்டிருப்பது முதல் ரயில் போக வேண்டிய வழியை! எல்லாமே சிவப்பு. எல்லாமே காத்திருக்கின்றன. கேமை இரவு முழுக்க ஓடவிட்டாலும் அந்த முடிச்சு அவிழ்வது கஷ்டம்.

சென்னையின் பரபரப்பான சந்திப்புகளில் சாலை நடுவே மஞ்சள் கட்டம் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பக்கம் போய் நிற்க இடம் இருந்தால் மட்டும் உள்ளே நுழை, இல்லாவிட்டால் கோட்டுக்கு முன்னாலேயே நில் என்று அர்த்தம். பச்சை விழுந்துவிட்டதே என்று எல்லோரும் உள்ளே புகுந்தால் என்ன ஆகும் என்பது மாலை ஆறு மணிக்கு வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும்.

கேமின் தீர்வும் அதேதான். ஒரு ரயில் நின்றால் வேறு யாருக்கும் இடைஞ்சல் வராத இடத்தில் மட்டும் சிக்னல் வை. சந்திப்புக்குப் பிறகு சிக்னல் வேண்டும் என்றால், உன்னிடம் இருக்கும் மிக நீளமான ரயில் முழுசாக நிற்கும் அளவுக்கு இடம் விட்டு வை. இடம் இல்லையென்றால் வைக்காதே. அப்போது ரயில் சந்திப்புக்கு முன்னாலேயே நின்று, அந்தப் பக்கம் வரைக்கும் முழுப் பாதையும் கிடைத்த பிறகுதான் நகரும்.

சிக்னல் என்றால் ரயிலைப் போகச் சொல்லும் விளக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இந்த கேமை ஒரு வாரம் விளையாடினால் எண்ணம் மாறிவிடும். எங்கே நின்றால் பிறருக்கு வழி அடைபடாது என்று யோசித்து நடப்பட்ட கம்பம் அது.

இப்போது பேசின் பிரிட்ஜுக்கு வருவோம். சென்ட்ரல் என்பது ரயில்கள் வந்து முடியும் ஸ்டேஷன். உள்ளே போன ரயில்கள் அதே வாசல் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். ஜன்னலிலிருந்து பார்க்கும்போது முன்னால் உள்ள தண்டவாளம் காலிதான். ஆனால் நம் ரயில் போக வேண்டிய பிளாட்ஃபார்ம் வரையிலான முழு வழியும் காலியா? நடுவில் வெளியே வரும் ரயில் ஒன்றின் பாதை குறுக்கே வெட்டுகிறதா? அது ஜன்னலுக்குத் தெரியாது. பாதி வழி காலியாக இருக்கிறது என்று உள்ளே விட்டால், நம் ரயிலின் வால் வாசலை அடைத்துவிடும். வெளியே வர வேண்டிய ரயில் வர முடியாது. அது வராவிட்டால் நமக்குப் பிளாட்ஃபார்ம் கிடைக்காது. அதனால்தான் அவுட்டர்.

கேம் சொல்லாமல் விட்டது

கேமில் இரண்டு நிறம்தான். சிவப்பு, பச்சை. வேகமாக வரும் ரயில்கூடச் சிவப்பு சிக்னல் முன்னால் சட்டென்று நின்றுவிடும். நிஜ ரயிலால் அது முடியாது. முழு வேகத்தில் வரும் கனமான ரயில் நிற்பதற்கு ஒரு கிலோமீட்டர்கூடத் தேவைப்படலாம். லோகோ பைலட்டின் கண்ணுக்குச் சிவப்பு தெரிந்த பிறகு பிரேக் போட்டால், சிக்னலைத் தாண்டித்தான் நிற்கும்.

அதற்காகத்தான் மஞ்சள். நம் ரயில்வேயில் நெரிசலான பாதைகளில் நான்கு நிலை சிக்னல்கள் உண்டு. பச்சை என்றால் முழு வேகத்தில் போகலாம். இரட்டை மஞ்சள் என்றால் கவனம், அடுத்த சிக்னலை வேகம் குறைத்துக் கடக்கத் தயாராக இரு. ஒற்றை மஞ்சள் என்றால் அடுத்த சிக்னலில் நிற்கத் தயாராக இரு. அப்புறம் சிவப்பு. அடுத்த முறை பீச் - தாம்பரம் மின்சார ரயிலில் போகும்போது, ஸ்டேஷனில் நின்றபடி கடந்துபோன ரயிலின் பின்னால் பாருங்கள். சிவப்பு, கொஞ்ச நேரத்தில் மஞ்சள், பிறகு இரட்டை மஞ்சள் என்று சிக்னல் மாறிக்கொண்டே வரும். முன்னால் போன ரயில் ஒவ்வொரு பிளாக்காகத் தாண்டிப்போவதை அது எண்ணிக் காட்டுகிறது. 'ஓப்பன் டிடிடி'யிலும் இது வேண்டும் என்று கேட்டவர்களுக்காக, 'ஜேஜிஆர் பேட்ச் பேக்' என்ற கூடுதல் பதிப்பில் நிஜ பிரேக் தூரமும் பல நிலை சிக்னல்களும் இருக்கின்றன.

ரயில் எங்கே இருக்கிறது என்பதும் கேமுக்குத் தானாகத் தெரியும். நிஜத்தில் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். இதற்கு ஓர் எளிய வழியை அமெரிக்காவின் வில்லியம் ராபின்சன் 1872-ல் காப்புரிமை பெற்றார். தண்டவாளத்தின் இரண்டு கம்பிகளிலும் சிறிய அளவு மின்சாரம் ஓடுகிறது. ரயில் வந்ததும் அதன் சக்கரமும் அச்சும் இரண்டு கம்பிகளையும் இணைத்துவிடும். மின்சாரம் குறுக்கு வழியில் திரும்பிவிட, மறுமுனையில் உள்ள ரிலேவுக்கு எதுவும் போகாது. சிக்னல் சிவப்பாகும். இதில் அழகு என்னவென்றால், ஒயர் அறுந்தாலும், கரன்ட் போனாலும், தண்டவாளமே உடைந்தாலும் ரிலேவுக்கு மின்சாரம் போகாது. அப்போதும் சிவப்புதான். கருவி கெட்டுப்போனால் ரயில் நிற்க வேண்டுமே தவிர ஓடக் கூடாது என்பது சிக்னல் பொறியாளர்களின் முதல் பாடம்.

அந்த ஒரு பட்டன்

கேமில் ஒவ்வொரு ரயிலின் ஜன்னலிலும் ஒரு பட்டன் இருக்கிறது. சிக்னலைப் பொருட்படுத்தாமல் போ என்று ரயிலுக்குக் கட்டளையிடும் பட்டன். முடிச்சு விழுந்து எல்லா ரயிலும் நிற்கும்போது பொறுமை இழந்தவர்கள் இதை அழுத்துவார்கள். சில சமயம் முடிச்சு அவிழும். சில சமயம் இரண்டு ரயில்களும் மோதி வெடிக்கும். திரையில் செய்தித்தாள் ஒன்று விரிந்து, இத்தனை பேர் பலி என்று அறிவிக்கும். செய்தியை மூடிவிட்டு, வேறு ரயில் வாங்கி விளையாட்டைத் தொடரலாம்.

நிஜத்தில் லோகோ பைலட்டுக்கு அப்படியொரு பட்டன் இல்லை. அனுமதியில்லாமல் சிவப்பைத் தாண்டுவது வேலைக்கே உலை வைக்கும் குற்றம். அவர் கவனிக்கத் தவறினாலும் ரயிலைத் தானாக நிறுத்துவதற்குத்தான் 'கவச்' என்ற கருவியை இந்திய ரயில்வே பொருத்தி வருகிறது.

ஆனால் சிக்னலே தப்பாகச் சொன்னால்? கேமில் அது நடக்கவே நடக்காது. அங்கே சிக்னல் பச்சை காட்டினால், தண்டவாளமும் அதற்கேற்பத்தான் திரும்பியிருக்கும். நிஜத்தில் சிக்னல் வேறு, தண்டவாளத்தைத் திருப்பிவிடும் பாயின்ட் வேறு. இரண்டும் ஒத்துப்போனால் மட்டுமே பச்சை விழ வேண்டும். அதை உறுதி செய்யும் ஏற்பாட்டுக்கு இன்டர்லாக்கிங் என்று பெயர். இங்கிலாந்தின் ஜான் சாக்ஸ்பி 1856-லேயே இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார்.

2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாலசோர் மாவட்டம், பஹானகா பஜார் ஸ்டேஷனில் அந்த ஒத்துப்போதல் உடைந்தது. சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு, மெயின் லைனில் நேராகப் போகலாம் என்று பச்சை விழுந்தது. ஆனால் பாயின்ட், லூப் லைன் பக்கம் திரும்பியிருந்தது. லூப்பில் ஒரு சரக்கு ரயில் நின்றுகொண்டிருந்தது. முழு வேகத்தில் போய் மோதியது. தடம்புரண்ட பெட்டிகள், பக்கத்துப் பாதையில் போய்க்கொண்டிருந்த பெங்களூரு - ஹவுரா ரயிலின் கடைசிப் பெட்டிகளையும் சாய்த்தன. 290-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். லோகோ பைலட் சிக்னலை மீறவில்லை. அவருக்குக் காட்டப்பட்டது பச்சைதான். சிக்னல் சர்க்யூட்டில் முன்பு செய்த மாற்றத்திலும், லெவல் கிராஸிங் கேட் தொடர்பான வேலையின்போதும் நேர்ந்த குறைகளே காரணம் என்று பாதுகாப்பு ஆணையரின் விசாரணை சொன்னது.

ஒயர் அறுந்தால் சிவப்பு விழும். ஒயரைத் தவறான இடத்தில் மாட்டினால் எது விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் சிக்னல் பிரிவில், ஒரு ஒயரைத் தொட்டாலும் முழுசாகச் சோதித்துப் பார்த்த பிறகே ரயிலை விட வேண்டும் என்ற விதி இருக்கிறது. சோதிக்கும் நேரத்தில் ரயில்கள் தாமதமாகும். பயணிகள் சலித்துக்கொள்வார்கள். அந்தத் தாமதத்தைச் சுருக்கினால் என்ன ஆகும் என்பதை பஹானகா காட்டிவிட்டது.

எங்கே தொடங்கலாம்?

வீட்டில் ரயில் பைத்தியம் யாராவது இருந்தால், வயது எதுவானாலும் 'ஓப்பன் டிடிடி'யை முயற்சி செய்யலாம். முதல் நாளே பெரிய ஜங்ஷன் கட்ட வேண்டாம். இரண்டு ஸ்டேஷன், ஒற்றைத் தண்டவாளம், நடுவில் ஒரு லூப், இரண்டு ரயில். இதை முட்டிக்கொள்ளாமல் ஓடவிட்டாலே பாதிப் பாடம் முடிந்தது. பிறகு மூன்றாவது ரயிலை இறக்குங்கள். எங்கே முடிச்சு விழுகிறது என்று பாருங்கள். அந்தப் பட்டனைத் தொடாமல், சிக்னலை இடம் மாற்றியே அவிழ்க்கப் பாருங்கள்.

அடுத்த முறை பேசின் பிரிட்ஜில் ரயில் நின்றால், செல்போனை ஒரு நிமிடம் பையில் வைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பாருங்கள். பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் சென்ட்ரல் பக்கத்திலிருந்து ஒரு ரயில் மெதுவாக வெளியே வரும். அதன் கடைசிப் பெட்டி உங்களைக் கடந்ததும், உங்கள் ரயில் லேசாகக் குலுங்கி நகரத் தொடங்கும்.